ரத்தத்தில் போதைப்பொருள் கண்டறியும் வேலை: உங்கள் மகள் எதைப் படிக்க வேண்டும்?

உடலில் போதைப்பொருளும் நஞ்சும் இருக்கிறதா என்று வழக்குகளுக்காகச் சோதிக்கும் தடயவியல் நச்சியலில் சேர நினைக்கும் மகளுக்கு மெஷின் இயக்கத் தெரிந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மாதிரி மெஷினுக்குள் போவதற்கு முன்பே முக்கியமான வேலை நடந்து முடிந்துவிடுகிறது. தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

ரத்தம் எடுக்கும் குழாயையே பாருங்கள். சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் பொட்டாசியம் ஆக்சலேட்டும் சோடியம் ஃபுளோரைடும் இருக்கும். முன்னது ரத்தம் உறையாமல் தடுக்கும். பின்னது கொக்கைனைச் சிதைக்கும் நொதிகளை அடக்கும். ஃபுளோரைடு இல்லாத குழாயை அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் கொக்கைன் குறைந்துகொண்டே போகும்.

முதல்கட்டச் சோதனை, குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) நம்பி நடப்பது. ஒத்த வடிவமுள்ள மூலக்கூறு அதை ஏமாற்றிவிடும்: சளி மருந்தில் இருக்கும் சூடோஎஃபிட்ரின், ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் போலக் காட்டக்கூடும். அதனால் 'பாசிட்டிவ்' வந்ததுமே அறிக்கை எழுதக் கூடாது. அதே ரத்தத்தில் புதிதாக ஒரு பங்கு எடுத்து ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ்-எம்எஸ் முறையில் (கலவையைப் பிரித்து, மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் மெஷின்கள்) உறுதி செய்ய வேண்டும்.

அந்தப் பங்கில் முதலில், ஒப்பிட்டு அளப்பதற்காக, டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்தை அளந்து சேர்ப்பார்கள். பிறகு பிரித்தெடுத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் கரைப்பானை உலர்த்துவார்கள். இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். ஆம்ஃபெட்டமின் கார வடிவில் எளிதில் ஆவியாகும். குழாய் காய்ந்த பிறகும் நைட்ரஜனை ஓடவிட்டால் மருந்தும் சேர்ந்து பறந்துவிடும். டியூட்டீரிய மருந்தும் கூடவே குறைவதால் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய சரியாகவே வரும். ஆனால் சிக்னல் மெலிந்து, குறைந்த அளவு மருந்து கண்ணில் படாமலே போய்விடும். உலர்த்தும் முன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலைச் சில துளிகள் விட்டால் ஆம்ஃபெட்டமின் உப்பாகித் தங்கும். ஏன் தங்குகிறது என்று சொல்ல வேதியியல் வேண்டும்.

அதனால்தான் இளநிலையில் வேதியியலையே பரிந்துரைக்கிறேன். பகுப்பாய்வு வேதியியல், மருந்தியல், புள்ளியியல் மூன்றும் வலுவாக இருக்கட்டும். தடயவியலை முதுநிலையில் எடுக்கலாம். கல்லூரியில் சேரும் முன், மாணவர்கள் தாங்களே ஜிசி-எம்எஸ்ஸைக் கையாள்வது எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பெயரளவில் 'தடயவியல்' என்றிருக்கும் படிப்பில் இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ரத்தத்தோடு பழகும் வேலை என்பதால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் அவசியம்.

இப்போதே ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி ஆய்வகத்தில் மைக்ரோபிப்பெட்டால் 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை எடுத்து நுண்தராசில் நிறுக்கட்டும். ஒவ்வொன்றும் 100 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும். ஒன்று மட்டும் 92 என்று வந்தால், நுனியில் காற்றுக்குமிழியா, கை அவசரமா என்று அவளே தேட உட்காருகிறாளா என்று கவனியுங்கள்.