ரேஸில் அப்படி என்னதான் சார் இருக்கிறது? கேள்வி பதில்

குன்னூரில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி விட வருகிறவர்கள், சுவரில் ஓடும் டிவியைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். கையில் கிரீஸோடு எல்லாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து, கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னேன். ஒரு மாதத்தில் டப்பா நிறைந்துவிட்டது. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஓரத்தில் நின்று கொடி காட்டியவன், பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் அதையே செய்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. என் விருப்பு வெறுப்புகளும் பதிலில் கலந்துதான் இருக்கும்.

கல்லூரி மாணவர், குன்னூர்: ஃபார்முலா ஒன்தான் பெரிய ரேஸ் என்கிறார்கள். பாதி நேரம் கல்யாண ஊர்வலம் மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்களே? மோட்டோஜிபி பைக் ரேஸ் அப்படி இல்லையே, ஏன் சார்?

ஊர்வலம் என்று சரியாகத்தான் சொன்னாய் தம்பி. 2024 மொனாக்கோவில் முதல் பத்து பேரும் கிளம்பிய வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். ஃபார்முலா ஒன் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

காரணம் காற்று. அந்தக் கார் வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்ப டயர் மட்டும் போதாது. இறக்கைகளும் அடித்தளமும் காற்றைப் பிடித்து காரைத் தரையோடு அழுத்த வேண்டும். முன்னால் போகிற கார் அந்தக் காற்றைக் கலக்கிவிடுகிறது. பின்னால் வருபவருக்கு அழுத்தம் குறைகிறது, கார் வழுக்குகிறது, டயர் சூடேறித் தேய்கிறது. காட்டேரி பக்கம் கரும்புகை விடும் லாரிக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கு இது புரியும். வண்டியில் பவர் இருக்கும், ஆனால் ஒட்டிப் போக முடியாது.

இதற்கு மருந்தாக 2011-இல் டிஆர்எஸ் வந்தது. முன்னால் போகிறவருக்கு ஒரு நொடிக்குள் நெருங்கிவிட்டால், குறிப்பிட்ட நேர்ச்சாலையில் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டிக்கொள்ளலாம். எனக்கு அது ஒரு நாளும் பிடித்ததில்லை. பைபாஸில் பஸ் நம்மைத் தாண்டிப் போவதுபோல இருக்கும். 2022-இல் அடித்தளத்தின் வடிவத்தை மாற்றியபோது கொஞ்ச காலம் நெருங்கி ஓட்டினார்கள், அப்புறம் அணிகள் புது வித்தைகள் கண்டுபிடித்துக் காற்றை மறுபடி கலக்கின. 2026-இல் டிஆர்எஸ்ஸை எடுத்துவிட்டு, வளைவுக்கு ஒன்று, நேர்ச்சாலைக்கு ஒன்று என்று எல்லார் காரிலும் இறக்கை நிலை மாறும்படி செய்திருக்கிறார்கள். காரையும் கொஞ்சம் ஒல்லியாக்கியிருக்கிறார்கள்.

பைக்குக்கு அகலமே கிடையாது. ஒரே வளைவில் மூன்று பேர் மூன்று வழியில் நுழையலாம். ஆஸ்திரேலியாவில் நடந்த 2015 ஃபிலிப் ஐலண்ட் மோட்டோஜிபி ரேஸைத் தேடிப் பார். மார்க்கெஸ், லொரென்சோ, இயனோனே, ரோஸி நான்கு பேரும் கடைசி வரை இடம் மாற்றிக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றில் மார்க்கெஸ் லொரென்சோவைத் தாண்டி ஜெயித்தார். ஆனால் பைக்குக்கும் இறக்கை முளைத்த பிறகு அங்கேயும் அதே நோய் தொற்றிவிட்டது. 2027-இல் இறக்கைகளைச் சுருக்கி, எஞ்சினையும் 1000 சிசியிலிருந்து 850-க்குக் குறைக்கிறார்கள்.

இன்னொன்று. எத்தனை முறை முந்தினார்கள் என்று எண்ணாதே. துரத்துகிறவர் கையில் முன்னால் போகிறவரிடம் இல்லாத ஏதாவது இருக்கிறதா என்று பார். புது டயராக இருக்கலாம், மழையில் கூடுதல் தைரியமாக இருக்கலாம். 2011 கனடாவில் ஜென்சன் பட்டன் ஒரு கட்டத்தில் கடைசி ஆள். மழையால் நிறுத்தி நிறுத்தி நான்கு மணி நேரம் இழுத்தது அந்த ரேஸ். ஈரம் காயக் காய அவர் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசிச் சுற்றில், பின்னால் அவர் வருவது தெரிந்த பதற்றத்தில், முதலில் போய்க்கொண்டிருந்த வெட்டல் ஒரு வளைவில் சறுக்கினார், பட்டன் தாண்டிவிட்டார். அந்தத் தாண்டலுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. நான் ரசித்தது அதற்கு முந்தைய சுற்றுகளைத்தான்.

ஜீப் டிரைவர், கூடலூர்: அமெரிக்காவில் நாஸ்கார் என்று ஒரு கார் ரேஸ். இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். செக்கு மாடுகூட இதைவிடச் சுவாரசியம் அண்ணே.

நானும் பல வருடம் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். நாஸ்கார் நடக்கும் டேடோனா தடத்தின் வளைவுகள் 31 டிகிரி சாய்வு. நடந்து ஏறவே மூச்சு வாங்கும். அங்கே தனியாக ஓடுகிற கார் தோற்கும், ஏனென்றால் இரண்டு கார் முன்னும் பின்னும் ஒட்டி ஓடினால் காற்றின் எதிர்ப்பு குறைந்து இரண்டுமே வேகம் பிடிக்கும். ஆக, எதிரியின் உதவி இல்லாமல் முன்னேற முடியாது. ஆனால் கடைசிச் சுற்றில் அந்த எதிரியையே கழற்றிவிட வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் கூட்டணி மாதிரி.

2024-இல் கான்சஸில் கைல் லார்சன் கிறிஸ் பூஷரை 0.001 நொடியில் ஜெயித்தார். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கி அதில் ஒரு துண்டு! பிடிக்காததும் உண்டு. விபத்து நடந்தால் மஞ்சள் கொடி காட்டி எல்லாரையும் ஒன்றாகச் சேர்ப்பது நியாயம். அது போதாதென்று ரேஸையே பகுதி பகுதியாகப் பிரித்து நடுவிலும் அப்படிச் சேர்க்கிறார்கள். ஐம்பது சுற்றில் ஒருவர் சம்பாதித்த இடைவெளி அதோடு போயிற்று.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி: ஊட்டி குதிரைப் பந்தயத்தில் நல்ல குதிரைக்கு எடை கூட்டிக் கட்டுவார்கள் என்று என் கணவர் சொல்வார். கார் பந்தயத்திலும் அப்படி உண்டா?

உண்டு டீச்சர். ஜப்பானின் சூப்பர் ஜிடியில் ஜெயிக்க ஜெயிக்க அடுத்த ரேஸில் காரில் கூடுதல் எடை ஏற்றுவார்கள். பிரான்ஸில் 24 மணி நேரம் ஓடும் லெ மான் போன்ற நீண்ட பந்தயங்களில் வேறு மாதிரி. ஒவ்வொரு கம்பெனி காரும் குறைந்தபட்சம் எவ்வளவு எடை, எஞ்சின் எவ்வளவு பவர் என்று அமைப்பாளர்களே அட்டவணை போட்டுச் சமன் செய்வார்கள். ஃபெராரி, போர்ஷே, டொயோட்டா என்று இத்தனை கம்பெனிகள் அங்கே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் ரேங்க் எடுத்த பிள்ளையின் பையில் செங்கல் வைப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஜெயித்தவருக்கு எடை ஏற்றுவதில் எனக்குக் கோபம் இல்லை, எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அட்டவணை விஷயம்தான் நெருடுகிறது. ஒரு அணி மெதுவாக ஓடினால் நிஜமாகவே முடியவில்லையா, அடுத்த அட்டவணையில் சலுகை வாங்க நடிக்கிறார்களா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் இடமே கொடுக்காமல் எல்லாருக்கும் ஒரே கார் என்பது இன்னொரு வழி. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் நடந்த ஃபார்முலா 4 அந்த வகை.

முன்னாள் ராணுவ வீரர், வெலிங்டன்: இருபத்து நான்கு மணி நேர ரேஸை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

யாரும் முழுதாகப் பார்க்க வேண்டாம் சார். ஆரம்பத்தைப் பாருங்கள், தூங்குங்கள், விடியற்காலையில் ஒரு மணி நேரம், கடைசியில் இரண்டு மணி நேரம். சென்ட்ரி டியூட்டி பார்த்த உங்களுக்கு இது எம்மாத்திரம். 2016 லெ மானில் டொயோட்டா இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடி முன்னணியில் இருந்தது. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பவர் போய், அணிகள் நிற்கும் பிட் சுவருக்கு எதிரே நேர்ச்சாலையிலேயே நின்றது. போர்ஷே தாண்டிப்போய் ஜெயித்தது. முதல் வெற்றிக்கு டொயோட்டா 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு மெக்கானிக்காக என் வயிறு கலங்கிய ரேஸ் அதுதான்.

(அஜித் ரேஸ் பற்றி ஏழு சீட்டுகள்! அவருடைய அணி 2025 ஜனவரியில் துபாயில் ஓடியதும் இதே போன்ற 24 மணி நேரப் பந்தயம்தான். 991 வகை போர்ஷே கார்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம். வேகமான கார்களும் மெதுவான கார்களும் ஒரே தடத்தில் ஓடும், ஆனால் பரிசு பிரிவுவாரியாக. பின்னால் வரும் வேகக் காருக்கு வழிவிட்டுக்கொண்டே நம் நேரத்தையும் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை.)

பைக் வைத்திருக்கும் இளைஞர், ஊட்டி: மேட்டுப்பாளையத்தில் பறக்கிற என் பைக் ஊட்டி வந்தால் இழுக்க மாட்டேன் என்கிறது. ரேஸ் கார்களுக்கும் இப்படி ஆகுமா?

டப்பாவிலேயே எனக்குப் பிடித்த சீட்டு இதுதான். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். ஃபார்முலா ஒன் நடக்கும் மெக்சிகோ சிட்டி தடமும் ஏறத்தாழ அதே உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்று கிட்டத்தட்ட கால் பங்கு மெலிந்திருக்கும். எஞ்சினுக்குள் போகிற காற்று குறைந்தால் எரிகிறதும் குறையும், பவரும் குறையும். கார்புரேட்டர் காலத்தில் கீழே ட்யூன் பண்ணிய வண்டி இங்கே ஏறினால் பெட்ரோல் அதிகமாகிப் ப்ளக்கில் கரி பிடிக்கும். ஊட்டி வண்டிகளுக்கு நாங்கள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையே மாற்றிப் போடுவோம். இப்போதைய இன்ஜெக்‌ஷன் பைக் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்?

ஃபார்முலா ஒன் எஞ்சினுக்கு டர்போ உண்டு. அது இன்னும் வேகமாகச் சுற்றிக் காற்றைத் திணித்துவிடும், அதனால் பவர் அவ்வளவாகக் குறையாது. வேடிக்கை மற்ற இடங்களில்தான். மொனாக்கோவுக்கு மாட்டுகிற மாதிரி பெரிய இறக்கையை மாட்டினாலும், மெல்லிய காற்றில் அழுத்தம் கொஞ்சம்தான் கிடைக்கும். வளைவில் கார் சோப்பு மேல் நிற்பதுபோல வழுக்கும். ஆனால் நேர்ச்சாலையில் தடுக்கும் காற்றும் இல்லை. 2016-இல் அங்கே ரேஸ் நடுவில் டிரைவர் பொட்டாஸ் மணிக்கு 372.5 கி.மீ. தொட்டார். அந்த வேகத்திலிருந்து நிறுத்த வேண்டிய பிரேக்கைக் குளிரவைக்கவும் காற்று போதாது. ஆக பிரேக், எஞ்சின், டயர் மூன்றையும் காப்பாற்றிக்கொண்டே துரத்த வேண்டும். வெகுநேரம் இன்னொரு காரின் பின்னால் ஒட்டி ஓடினால் அதன் சூட்டில் உன் கார் வெந்துவிடும். அதனால் நெருங்குவார்கள், கொஞ்சம் விலகி ஆறவிடுவார்கள், மறுபடி நெருங்குவார்கள். டிவியில் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

அமெரிக்காவில் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. 156 வளைவுகள், உச்சி 4300 மீட்டர். 2018-இல் ரோமாங் துமா ஃபோக்ஸ்வேகனின் மின்சாரக் காரில் 7 நிமிடம் 57 நொடியில் ஏறினார். எட்டு நிமிடத்துக்குள் அதுவரை யாரும் ஏறியதில்லை. மின்சார மோட்டாருக்குக் காற்று வேண்டாம், அதனால் மூச்சும் வாங்காது!

ஓட்டல் ஊழியர், கொடைக்கானல்: ராலியில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகிறது. இது எப்படி ரேஸ் ஆகும்?

பழனி மலையிலிருந்து சீட்டு எப்படி வந்தது என்று தெரியவில்லை, சந்தோஷம். ராலியில் எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டார். கடிகாரத்தில் மட்டும் இருப்பார். 2011 ஜோர்டானில் முழு ராலியும் முடிந்தபோது முதலாவதாக வந்த ஓஜியேவுக்கும் இரண்டாவதாக வந்த லட்வாலாவுக்கும் வித்தியாசம் 0.2 நொடி.

பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கவனியுங்கள். அடுத்த வளைவு எவ்வளவு இறுக்கம், அதற்குப் பின் மேடா, கல்லா என்று குறிப்பைப் படித்துக்கொண்டே வருவார். மூடுபனியில் லாரி கிளீனர் இறங்கி நின்று "வா வா வா... ரைட்" என்கிறாரே, அதே நம்பிக்கைதான். மண் சாலையில் முதலில் போகிறவருக்கு இன்னொரு தலைவலி. தளர்ந்த சரளையை அவர் பெருக்கிக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருபவர்களுக்குச் சுத்தமான பாதை. உலக ராலியில் புள்ளிப் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு முதல் நாளே விளக்குமாறு!

பேக்கரிக்காரர், அருவங்காடு: 2005-இல் அமெரிக்காவில் நடந்த ஃபார்முலா ஒன் ரேஸில் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தது அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டம்தான். இண்டியானாபோலிஸின் சாய்ந்த வளைவை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. அந்த டயர் போட்ட 14 கார்களும் ரேஸ் தொடங்கும் முன் வரும் அணிவகுப்புச் சுற்றோடு பிட்டுக்குள் போய்விட்டன. ஆறு கார்கள்தான் ஓடின. கூட்டம் பாட்டிலை எறிந்தது. உலகமே அதை மோசமான ரேஸ் என்கிறது, நானும் மறுக்கவில்லை.

ஆனால் அன்று நள்ளிரவில் நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவிக்கு ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூர்ப் பையன் ஃபார்முலா ஒன்னில் ஐந்து புள்ளி வாங்கப் போகிறான், கார் கடைசி வரை தாங்க வேண்டுமே என்று ஒவ்வொரு சுற்றாக எண்ணினேன். துரத்தல், இடைவெளி என்று மேலே பெரிதாகப் பேசினேன் அல்லவா? அன்று எதுவும் இல்லை. இருந்தும் தூக்கம் வரவில்லை.

பத்தாம் வகுப்பு மாணவி, குன்னூர்: நம்ம மலையில் ரேஸ் வைக்க முடியாதா அங்கிள்? கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே!

வேண்டாம்மா. அந்த வழியில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன வண்டிகளை நான் எத்தனையோ தூக்கியிருக்கிறேன். யானை கடக்கிற காடு, ஆம்புலன்ஸ் போகிற ரோடு. அங்கே இரண்டாம் கியரில் பத்திரமாக இறங்கினாலே கோப்பை கொடுக்கலாம்.

ரேஸ் பார்க்க வேண்டும் என்றால் கீழே செட்டிபாளையம் இருக்கிறது, கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவரதன் பெயரில் உள்ள தடம். 2.1 கி.மீ. என்பதால் போன கார் உடனே திரும்ப வந்துவிடும், கழுத்து வலிக்காது. அடுத்த பந்தயத்துக்கு ஒர்க்‌ஷாப் வேனில் போகிறோம். அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா, இன்னும் நான்கு இடம் இருக்கிறது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பர்லியாரில் டீ. வளைவில் வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்.