திருகோணமலை வெக்கையில் கம்பஸ் கட்டடங்கள்: கரண்ட் பில்லும் குறையணும், உள்ளே வேர்க்கவும் கூடாது. முடியுமா?

முடியும். ஆனால் ஏசி ரிமோட்டில் தொடங்கினால் முடியாது. கம்பஸ் கட்டடப் பராமரிப்பில் இருப்பதால் இங்கத்தைய நிலைமையை வைத்தே சொல்கிறேன்.

ஏசியை 18 பாகையில் வைத்தால் மண்டபம் கெதியாகக் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். இன்வெர்ட்டர் இல்லாத ஏசி, அதாவது கம்பிரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத வகை, 18இலும் 26இலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும்; 18இல் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். கடைசியில் ஏசிக்கு நேரே இருக்கிற பிள்ளை நடுங்குகிறது, மேற்கு யன்னலோரப் பிள்ளைக்கு வேர்க்கிறது. வெயிலில் காய்ந்த சுவரும் கண்ணாடியும் உடம்புக்கு நேராகச் சூட்டை வீசுவதுதான் காரணம்.

அதனால் முதற்காசை நிழலுக்குச் செலவழியுங்கள். கூரையும் மேற்குச் சுவரும் முக்கியம். வடக்கு யன்னலையும் விடாதீர்கள்: ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது.

அப்புறம் மின்விசிறி. உடம்பில் காற்றுப் பட்டால் இரண்டு பாகை கூடுதலான சூட்டையும் சுகமாகத் தாங்கலாம். கட்டடத்துக்குள் மனிதருக்குச் சுகமான சூட்டை வரையறுக்கும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் ஆஷ்ரே 55 நியமமே இதை ஏற்கிறது. ஏசியை 27இல் விட்டு விசிறியையும் போடுங்கள். ஒன்றரைத் தொன் ஏசி ஏறக்குறைய 1500 வாட் இழுக்கும். சாதாரண விசிறி 75, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் மோட்டர் உள்ள பீஎல்டிசி விசிறி 35க்குள்.

கச்சான் காற்று வீசும் காலம்தான் உண்மையான சோதனை. "யன்னலைத் திறந்துவிட்டால் போதும்" என்ற பொதுவான அறிவுரை அப்போது பொருந்தாது. மேற்கே காய்ந்த தரையைக் கடந்து வரும் காற்று அது. வெளியே 35ஐத் தாண்டினால் தோலின் சூட்டைவிடக் காற்றின் சூடு கூடிவிடும். அதை உள்ளே விட்டால் சுவர், மேசை எல்லாம் காய்ந்து மாலை வரை கொதிக்கும். காலை பத்து மணிக்குள் சாத்திவிட்டு, பொழுது பட்டதும் திறந்து, இரவெல்லாம் கட்டடத்தை ஆறவிட வேண்டும். இரவில் திறந்து வைக்கக் காவலாளிகள் சம்மதிக்க மாட்டார்கள், அது நியாயம்தான். கம்பியும் நுளம்பு வலையும் போட்டுக் கொடுங்கள். ஏசி வாங்கும் பணத்தில் சிறு பங்குகூட ஆகாது, ஆனால் இதைக் கேட்டால் நிர்வாகங்கள் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

வாடை வீசும் மாரியில் பெரும்பாலான வகுப்புகளுக்கு விசிறியே போதும்.

இன்னொன்று, கடற்கரையில் ஏசியின் வெளிப்பெட்டித் தகடுகளை உப்புக்காற்று அரிக்கும். அரித்தால் அதே குளிருக்குக் கூடுதல் மின்சாரம் போகும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணியால் அடிக்கடி மெதுவாகக் கழுவிவிடுங்கள்.