எம்கேவி வீடியோவை எம்பி4 ஆக மாற்ற ஏன் இவ்வளவு நேரம்? தரமும் ஏன் குறைகிறது?

பெரும்பாலும் நீங்கள் செய்யத் தேவையில்லாத வேலையைக் கணினி செய்துகொண்டிருக்கிறது: படத்தை மறுபடி சுருக்குகிறது, அதனால்தான் நேரமும் ஆகிறது, தரமும் குறைகிறது. எம்கேவி, எம்பி4 இரண்டும் வெறும் பாத்திரங்கள்தான். உள்ளே இருக்கும் படம் எச்.264, எச்.265 போன்ற கோடெக்கிலும் (சுருக்கிச் சேமிக்கும் முறை), ஒலி ஏஏசி, டிடிஎஸ் போன்ற வேறொன்றிலும் இருக்கும். சாம்பாரை வேறு பாத்திரத்தில் ஊற்ற மறுபடி கொதிக்க வைக்க வேண்டுமா என்ன?

முதலில் விஎல்சி பிளேயரில் வீடியோவைத் திறந்து கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். எந்தக் கோடெக் என்று தெரிந்துவிடும். எச்.264 என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில், மறுபடி சுருக்காமல் அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றும் 'காப்பி' முறையைப் பயன்படுத்துங்கள். பெரிய படமே சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ முடியும். தரம் துளியும் குறையாது. டிவியில் படம் ஓடி சத்தம் மட்டும் வராவிட்டால் டிடிஎஸ் ஒலிதான் காரணமாக இருக்கும். ஒலியை மட்டும் ஏஏசிக்கு மாற்றி, படத்தை அப்படியே விடலாம். சப்டைட்டிலைத் தனி எஸ்ஆர்டி கோப்பாக எடுத்து வைப்பது நல்லது. எம்பி4 எல்லா வகை சப்டைட்டிலையும் ஏற்காது.

பழைய டிவி எச்.265-ஐ ஏற்கவில்லை என்றால் மட்டும் படத்தையே எச்.264-க்கு மாற்றும் முழு மாற்றம் வேண்டும். அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், இலவசம். 1080 வீடியோவுக்கு அதில் ஆர்எஃப் (தரத்தை முடிவுசெய்யும் எண்) மதிப்பை 20 முதல் 24-க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். அப்புறம், மூலக் கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள்.