ஜிம் ரீவ்ஸ் பாட்டு மேல் நம்மூர் அப்பாக்களுக்கு ஏன் இத்தனை பிரியம்?

"1964-லேயே இறந்துபோன ஒரு அமெரிக்கக் கன்ட்ரி (அந்த ஊர் கிராமிய பாணி) பாடகரை என் அப்பா இன்னும் கண் கலங்கிக் கேட்கிறார், அப்படி என்ன இருக்கிறது அதில்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும், அப்பா தெற்கத்திக்காரர், வீட்டுப் பரணில் ஒரு கேசட் பெட்டி கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் அப்பா தூத்துக்குடிக்காரர், வெல்டர், பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. 1982-லிருந்து ஐந்து வருடம் துபாயில் இருந்தார். அப்போது எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதால் அம்மா நாலு மணிக்கே போய் அந்த வீட்டு வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார், சில வாரம் விளக்கு வைத்த பிறகுதான் மணி அடிக்கும். சுற்றிலும் ஆட்கள் நிற்பதால் அம்மா கூச்சப்பட்டு ரிசீவரைத் தள்ளிப் பிடிப்பார். அந்தப் பக்கமிருந்து அப்பா கத்துவது பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்கும்: "ஏளா, பக்கத்துல வச்சுப் பேசு, ஒண்ணும் கேக்கல."

ஊர் திரும்பும்போது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு நேஷனல் பானாசோனிக் டூ இன் ஒன்னும் ஆறு ஜிம் ரீவ்ஸ் கேசட்டும் கொண்டுவந்தார். அவருக்கு உயிரான பாட்டு 'ஹீ'ல் ஹேவ் டு கோ'. 1960-ல் அமெரிக்கக் கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு. ஒருவன் தன் காதலியிடம், போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் வை என்று கெஞ்சுவதில் ஆரம்பிக்கும். அப்பாவைப் பொறுத்தவரை அது தூர தேசத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டுக்குப் போன் போடும் பாட்டு. உண்மையில் அவள் பக்கத்தில் வேறொருவன் இருக்கிறான், அவனை அனுப்பிவிடு என்பதுதான் விஷயம். காலேஜில் படிக்கும்போது எனக்கு அது புரிந்தது. 2016-ல் அப்பா இறக்கும்வரை நான் அதைச் சொல்லவே இல்லை. சொல்லாதது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒரு நீள நோட்டில் அந்தப் பாட்டைத் தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நிறுத்தி, ஓட்டி, திரும்ப நிறுத்தி, காதில் விழுந்தபடி. பிடிபடாத இடத்தில் வரிசையாகப் புள்ளி வைத்திருப்பார். அந்தப் பக்கம் முழுக்கவே நாலைந்து இடத்தில்தான் புள்ளி. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான் என்பேன். ஜிம் ரீவ்ஸ் முதலில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர், நரம்பில் அடிபட்டு அதை விட்டார், ரேடியோ அறிவிப்பாளர் ஆனார். அந்தத் தெளிவான உச்சரிப்பு பாட்டிலும் தங்கிவிட்டது. ஆரம்பத்தில் மற்றவர்களைப் போல உரக்கப் பாடியவர், 1957-ல் 'ஃபோர் வால்ஸ்' வந்த சமயத்திலிருந்து மைக்கை ஒட்டி நின்று தணிந்த குரலில் பாடினார். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். இலங்கை, நார்வே, தென்னாப்பிரிக்கா என்று இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்கள் நடுவில் அவருக்கு அவ்வளவு ரசிகர்கள் சேர்ந்ததற்கும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். தென்னாப்பிரிக்காவுக்காக ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே பாடியிருக்கிறார்.

உடனே ஒருவர் வந்து "தமிழில் பாட்டே இல்லையா, வெள்ளைக்காரன் பாட்டு கேட்டால் பெரிய மனுஷனா?" என்று எழுதுவார். எங்கள் சொந்தத்திலேயே இதைச் சொன்னார்கள், அப்பாவின் துட்டி (சாவு) வீட்டில் வைத்தே சொன்னார்கள். அப்பா டி.எம்.எஸ். பாட்டையும் மனப்பாடமாகப் பாடுவார் ஐயா. பந்தா காட்டக் கேட்கிற ஆள் பென்சிலும் நோட்டுமாக ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்திருக்க மாட்டான்.

அப்படிச் சொன்ன சித்தப்பாதான் டூ இன் ஒன்னைத் தன் மகள் சடங்குக்கு என்று வாங்கிப்போனவர். இரண்டு நாளில் தருகிறேன் என்றார், உள்ளே கிடந்த கேசட்டோடு போயே போய்விட்டது. பிறகு ஆச்சி வீட்டைப் பாகம் பிரிக்கும்போது கிணற்றடியை அளவிலேயே சேர்க்காமல் எழுதிக்கொண்டவரும் அவரே. சரி, அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜிம் ரீவ்ஸ் உயிரோடு இல்லை என்பதே அப்பாவுக்குத் துபாயில்தான் தெரியுமாம். கூட இருந்த மங்களூர்க்காரர் சொன்னாராம். 1964 ஜூலை 31, ஜிம் ரீவ்ஸே ஓட்டிவந்த சின்ன விமானம் அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துப் பக்கத்தில் இடிமழையில் சிக்கி விழுந்தது, பியானோ வாசிக்கும் டீன் மானுவலும் கூட இருந்தார். இரண்டு நாள் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். நாற்பது வயது. இறந்து இரண்டு வருடம் கழித்து, 1966-ல், 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அவர் இறந்ததைக் கேள்விப்பட்ட ராத்திரி அப்பா சாப்பிடவில்லையாம். இருபது வருடப் பழைய சாவுக்கு!

உங்கள் அப்பாவிடம் ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்மஸ் கேசட் இருக்கிறதா என்று கேளுங்கள், 1963-ல் வந்த பன்னிரண்டு பாட்டு ஆல்பம். சித்தப்பா வீட்டோடு போனது அதுதான். இந்தப் பாட்டெல்லாம் இன்று போனிலேயே கிடைக்கும், தெரியும். எனக்கு வேண்டியது கேசட், அட்டையோடு இருந்தால் நல்லது. விலை என்னவானாலும் சொல்லுங்கள், டிசம்பருக்குள் கிடைத்தால் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவேன்.