எரிச்சலா, பதற்றமா? பிரித்து அளப்பது எப்படி

மன நலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உணர்ச்சிகளை ஒருவர் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிகிறார் என்பதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். "கோபத்துக்கும் எரிச்சலுக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்று நேரடியாகக் கேட்டால் போதாதா?
– எம்.எஸ்சி. உளவியல் மாணவி, அல்சூர், பெங்களூரு

போதாது. பிரித்தறியாதவருக்குத் தான் பிரித்தறிவதில்லை என்பதே தெரியாமல் இருக்கலாம். அதனால் கருத்தைக் கேட்காமல், ஒரே ஆளிடம் பல வேளைகளில் மதிப்பெண் வாங்கி, அவை சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கிறோம். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 2001-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்த வழி பரவலானது.

இரண்டு பேர், நான்கு வேளை என்று வைத்துக்கொள்வோம். கோபம், பயம், வருத்தம் மூன்றுக்கும் அதே வரிசையில் 0 முதல் 10 வரை மதிப்பெண்.

முதல் நபர்: 8-7-8, 2-2-1, 6-6-7, 1-2-1.
இரண்டாம் நபர்: 8-3-5, 3-7-4, 4-3-8, 1-1-1.

முதல் நபர் மூன்று சொல்லையும் ஒரே சொல்லாகத்தான் பயன்படுத்துகிறார். நாள் மோசமென்றால் மூன்றும் ஏறும், தேவலை என்றால் மூன்றும் இறங்கும். இரண்டாமவருக்கு ஒரு வேளை கோபம் மட்டும் உச்சத்தில் நிற்கிறது, இன்னொரு வேளை பயம், மற்றொரு வேளை வருத்தம். இந்த வேறுபாட்டை எண்ணாக்குவது உள்வகுப்புத் தொடர்புக் கெழு, சுருக்கமாக ஐசிசி.

இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். எக்செலில் வேளைகளை வரிசைகளாகவும் சொற்களை நெடுக்கைகளாகவும் இட்டு, டேட்டா அனாலிசிஸில் 'அனோவா: டூ-ஃபேக்டர் விதவுட் ரெப்ளிகேஷன்' கொடுங்கள். எம்எஸ் (சராசரி வர்க்கம்) என்ற நெடுக்கையில் ரோஸுக்கு (வரிசைகள்) ஓர் எண்ணும் எர்ரருக்கு (பிழை) ஓர் எண்ணும் வரும். ரோஸிலிருந்து எர்ரரைக் கழித்து, மறுபடி ரோஸால் வகுத்தால் ஐசிசி. முதல் நபருக்கு 31.19, 0.44, ஐசிசி 0.986. இரண்டாமவருக்கு 12.22, 5.56; ஐசிசி 0.545. ஐசிசி கூடினால் பிரித்தறிதல் குறைவு என்று பொருள். இந்தத் தலைகீழ்த் திசையை மறந்து முடிவுகளை மாற்றி எழுதிவிடுவது சுலபம். அதனால் 1-ஐ நெருங்கும் கெழுக்களை விரித்துக் காட்டும் ஃபிஷர் இசட் மாற்றம் செய்து (இங்கே 2.47, 0.61) முன்னால் கழித்தல் குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி, பெரிய எண் என்றால் நுட்பம் அதிகம்.

சிக்கல் வரும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வேளையும் எல்லாவற்றுக்கும் 0 போட்டவருக்கு ஐசிசியே வராது. சிலருக்கு எதிர்ம எண் வரும். அதற்குச் சரியான பொருள் கிடையாது, பொதுவாக விடுபட்ட மதிப்பாகவே கொள்கிறார்கள். என்ன செய்வது என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். மகிழ்ச்சி, நிம்மதி போன்றவற்றை இதே கணக்கில் கலக்காதீர்கள்; அவற்றுக்குத் தனி ஐசிசி. முக்கியமாக, அந்த நபரின் சராசரி எதிர்மறை உணர்ச்சி அளவையும் பகுப்பாய்வில் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் "நுட்பம் குறைந்தவருக்கு மனச்சோர்வு அதிகம்" என்று நீங்கள் காண்பது, வேதனை அதிகமுள்ளவருக்கு மனச்சோர்வு அதிகம் என்ற பழைய செய்தியாகவே இருந்துவிடலாம்.

கேள்வி: ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழில் பெயர்த்தோம். 'டென்ஷன்' என்ற சொல்லை அப்படியே வைத்தோம், எல்லோருக்கும் புரிகிற சொல்தானே?
– மனநல ஆலோசகர், ஜெயநகர், பெங்களூரு

எல்லோருக்கும் புரியும், ஆனால் ஒரே மாதிரி புரியாது. "அவர் டென்ஷன் ஆயிட்டார்" என்றால் கோபம். "பரீட்சை டென்ஷன்" என்றால் பதற்றம். பட்டியலில் அதை வைத்தால் கோபத்தோடும் சேரும், பயத்தோடும் சேரும், ஐசிசி தானாக ஏறும். குறை சொல்லில் இருக்க, பழி பதில் சொன்னவர் மேல் விழும். 'மனசு சரியில்லை', 'ஒரு மாதிரி இருக்கு' இரண்டும் இதே வகை. 'வெட்கம்' வேறு விதத்தில் ஆபத்து: நாணத்துக்கும் அதுதான், அவமானத்துக்கும் அதுதான். கோபம், எரிச்சல், பயம், பதற்றம், வருத்தம், ஏமாற்றம், குற்ற உணர்வு, அவமானம் என்ற எட்டோடு தொடங்கலாம். கோபமும் எரிச்சலும் இயல்பாகவே நெருங்கிய சொற்கள். நெருங்கியவற்றை மட்டும் அடுக்கினால் யாருக்கும் நுட்பம் குறைவாகத்தான் தெரியும்.

வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழ்கிற ஊர் இது. ஒருவருக்கு ஆய்வு முடியும்வரை ஒரே மொழிப் பட்டியல்தான் போக வேண்டும். எந்த மொழி என்பதை அவரே தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கலாம்? பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.
– ஆய்வு உதவியாளர், மல்லேஸ்வரம், பெங்களூரு

நாளுக்கு 6 முதல் 8 முறை, 7 முதல் 14 நாள். காலை 9 முதல் இரவு 9 வரையுள்ள நேரத்தைச் சம துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எதிர்பாராத ஒரு கணத்தில் போன் ஒலிக்கட்டும். இரண்டு அழைப்புக்கு நடுவே அரை மணியாவது இடைவெளி, பதிலளிக்க 15 நிமிட அவகாசம். எட்டு சொல்லுக்கு மேல் கூட்டினால் அலுப்புத் தட்டும். சொற்களின் வரிசை ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஸ்லைடர் என்றால் குமிழ் முன்கூட்டியே நடுவில் நிற்கக் கூடாது, தொட்ட பிறகே தோன்ற வேண்டும். இல்லையேல் நகர்த்தாத குமிழெல்லாம் நடு மதிப்பாகப் பதிவாகி ஐசிசியைக் கெடுக்கும்.

சில்க் போர்டு நெரிசலில் இருசக்கர வண்டியில் இருப்பவர் பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் அவர் எரிச்சலின் உச்சத்தில் இருக்கும் வேளையும் அதுவாக இருக்கலாம். எனவே எத்தனை பதில் விடுபட்டன என்பதோடு, எந்த நேரத்தில் விடுபட்டன என்பதையும் அட்டவணையாக்குங்கள். ஒப்புதல் படிவத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐக் கட்டாயம் கொடுங்கள். திரும்பத் திரும்ப மனசைப் பார்க்கச் சொல்கிறோம், அது சிலருக்குக் கனமாக இருக்கும்.

கேள்வி: ஐசிசி ஆளுக்கு ஓர் எண்தான் தருகிறது. இந்தக் கணம் எவ்வளவு, அடுத்த கணம் எவ்வளவு என்று பார்க்க வழியுண்டா?
– வாசகர், மர்ஃபி டவுன், பெங்களூரு

உண்டு. யாசெமின் எர்பாஸ், பீட்டர் குப்பன்ஸ் முதலான ஆய்வாளர்கள் ஐசிசியிலிருந்தே கணத்துக்கான குறியீடு ஒன்றை வருவித்திருக்கிறார்கள். இதன் அடிப்படையை மேலே சொன்ன இரண்டாம் நபரிடமே பார்க்கலாம். அவருடைய சொல் சராசரிகள் 4, 3.5, 4.5. முதல் வேளையின் 8-3-5-லிருந்து இவற்றைக் கழித்தால் 4, −0.5, 0.5. இந்த மூன்றும் தம் சராசரியிலிருந்து விலகும் அளவுகளை வர்க்கமாக்கிக் கூட்டினால் 11.17. அடுத்த வேளைகளுக்கு 12.17, 9.5, 0.5. நான்கையும் கூட்டினால் 33.33, எர்ரருக்கான வர்க்கக் கூட்டுத்தொகை (எக்செலில் எஸ்எஸ் நெடுக்கை) அதுவேதான்.

கடைசி வேளையின் 0.5-ஐ "அப்போது நுட்பம் மழுங்கிவிட்டது" என்று படித்தால் தவறு. 1-1-1 போட்டவர் அமைதியாக இருந்தார், பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே அந்தந்த வேளையின் தீவிரத்தையும் பகுப்பாய்வில் சேர்க்காமல் கண அளவைப் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: கணவர் எதற்கும் "கடுப்பா இருக்கு" என்பார். வீட்டிலேயே அளந்து பார்க்கலாமா?
– வாசகி, டி.சி. பாளையா, பெங்களூரு

அவர் சம்மதித்தால் செய்யலாம். ஐந்து சொல், நாளுக்கு ஐந்து முறை, பத்து நாள்: 50 வரிசை கிடைக்கும். மேலே சொன்ன எக்செல் கணக்கே போதும். இவ்வளவுக்கு மேல் என்றால் குறை, இவ்வளவுக்குக் கீழ் என்றால் நல்லது என்று எல்லைக்கோடு எதுவும் இல்லை. நோயறியும் சோதனையும் அல்ல. முதல் ஐந்து நாளையும் கடைசி ஐந்து நாளையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். இப்படி அடிக்கடி குறித்துவருவதாலேயே பிரித்தறியும் நுட்பம் கூடுவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, உங்கள் நோட்டிலும் அது தெரியலாம். 'கடுப்பு' அவருடைய சொல் என்பதால் அதையும் ஐந்தில் ஒன்றாக வையுங்கள். அது எந்தச் சொல்லோடு சேர்ந்து ஏறுகிறது என்று பார்த்தால், கடுப்பு என்று அவர் சொல்வது கோபத்தையா, ஏமாற்றத்தையா என்பது பிடிபடும்.