உருட்டும் இலையும் உருளும் பணமும்

கேள்வி: தேயிலை ஃபேக்டரியிலும் ‘ரோலிங்’ என்கிறார்கள், கடைத்தெருவிலும் ‘பணம் ரோலிங்கில் இருக்கிறது’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: சொல் ஒன்று, வேலை வேறு. ஆர்த்தடாக்ஸ் எனும் பழைய உருட்டு முறைத் தூளுக்கு 100 கிலோ பச்சை இலை 12 முதல் 18 மணி நேரம் வாடி, சுமார் 60 கிலோவாக இறங்க வேண்டும். பிறகு ரோலரில் சுற்றுக்கு 20, 30 நிமிடம். இலைக்குள் தனித்தனியே இருக்கும் சாறும் நொதியும் கலந்து காற்றுப் பட்டால்தான் செம்பு நிறமும் மணமும் வரும். வாட்டம் போதாத இலை நைந்து சாறு வழிந்துவிடும். மிஞ்சி வாடியது முறுக்கு ஏறாமல் நொறுங்கும். எடுத்த எடுப்பில் அழுத்தம் கொடுப்பதும் தப்பு. முதலில் சும்மா சுற்ற விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, நடுநடுவே தளர்த்தினால் சூடு தணியும். நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி முறையில் பல் வெட்டிய இரண்டு உருளைகள். ஒன்றைவிட மற்றது பத்து மடங்கு வேகம். கிழித்துத் தள்ளிவிடும்.

இனி பணம். போட்ட முதல் சரக்காகி, விற்று, திரும்பக் கைக்கு வருவது ஒரு சுற்று. இப்படிச் சுற்றும் பணம்தான் ரோலிங் முதல். கேரட் வியாபாரத்தில் போட்ட முதல் ரூ.50,000, சுற்றுக்கு 4 சதவீத லாபம் என்று வைத்துக்கொள்வோம். 15 நாளில் பணம் திரும்பினால் வருடத்துக்கு 24 சுற்று, லாபம் ரூ.48,000. கடனுக்குச் சரக்கு வாங்கியவர் 30 நாள் இழுத்தால் 12 சுற்றுதான், ரூ.24,000. விலையும் குறையவில்லை, சரக்கும் குறையவில்லை. லாபம் மட்டும் பாதி!

இதைவிட மோசம், கல்லாவில் வந்ததெல்லாம் லாபம் என்று நினைப்பது. 15 நாளுக்கு ஒருமுறை ரூ.2,000 லாபம் வர, வீட்டுக்கு ரூ.3,000 எடுக்கிறார் ஒருவர். ஆயிரம்தானே கூட, 50 சுற்று தாங்கும் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் முதல் குறையக் குறைய லாபமும் சுருங்கும். 28-வது சுற்றில், அதாவது 14 மாதத்தில், கையில் நிற்பது 32 ரூபாய். முதலுக்கே மோசம் என்பது இதுதான்.

கேள்வி: தலைநகரும் கேபிடல், பணமும் கேபிடல், பெரிய எழுத்தும் கேபிடல். ஏன்?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: மூன்றுக்கும் மூலம் ‘தலை’ என்று பொருள்படும் லத்தீன் சொல் ‘காபுட்’. தமிழ் நகரத்துக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, பணத்துக்கு வேரைக் கொடுத்தது: மூலதனம், முதல். முதலாளியும் அதில் முளைத்தவரே. பெரிய எழுத்து நமக்கு இல்லை, தொல்லையும் இல்லை. (சென்னை மாகாணத்தின் கோடைகாலத் தலைநகராக இருந்த உதகைக்கு அந்தத் தலை வெயில் காலத்தில் மட்டும் வந்து போனது.)

சுவையான இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மாட்டைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்ற சொல்லும் கேபிடலின் உடன்பிறப்பு. தமிழிலோ ‘மாடு’ என்றாலே செல்வம் என்ற பொருளும் உண்டு. 400-வது குறளில் வரும் ‘மாடல்ல மற்றை யவை’ அந்தப் பொருளில்தான்.

கேள்வி: மலை ரயிலின் ‘ரோலிங் ஸ்டாக்’ ரோலிங் முதலா?
– வாசகர், வெலிங்டன்

பதில்: இல்லை. அது என்ஜின், பெட்டிகளைக் குறிக்கும் ரயில்வே சொல். கல்லாறு – குன்னூர் இடையே 12-க்கு 1 ஏற்றத்தில் பல்சக்கரம் கடித்து ஏறும் என்ஜின் தினமும் உருண்டாலும், கணக்கேட்டில் அது நிலை முதல், அதாவது விற்காமல் வைத்து வேலை வாங்கும் சொத்து. வருடாவருடம் தேய்மானம் கழிப்பார்கள். தேயிலை ஃபேக்டரியிலும் அப்படியே: ரோலர் நிலை முதல், அதில் சுற்றும் இலைதான் ரோலிங் முதல்.