மகனின் பேர்மிங்காம் படிப்புக்குக் காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 25. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, இரண்டு வருடங்களுக்கு மேலாக இங்கேயே ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறார். பேர்மிங்காமில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2026 செப்ரெம்பரில் தொடங்கும். கட்டணம் 16,000 பவுண். அதில் 4,000 கட்டிவிட்டோம். மிச்சத்தில் பாதியைச் சேரும்போதும் பாதியை ஜனவரியிலும் கட்ட வேண்டும். வங்கியில் நிலையான வைப்பில் 50 லட்சம் இருக்கிறது. வீட்டோடு ஒட்டிய நாலு பரப்புக் காணியை ஈடு வைத்தால் தெரிந்த ஒருவர் 40 லட்சம் தருவார் என்கிறார் முகவர். வட்டி மாதம் நூற்றுக்கு மூன்று. "போய் மூன்று மாதத்தில் பெடியன் உழைச்சு அனுப்புவான், பயப்படாதேங்கோ" என்றும் சொல்கிறார். கணவர் அரச ஓய்வூதியர். என்ன செய்யலாம்?
கோண்டாவில் வாசகி

பதில்: அம்மா, முகவர் சொன்னதில் பாதி உண்மை. மகன் அங்கே போய் உழைக்கலாம். ஆனால் அந்த உழைப்பு அவர் இருந்து சாப்பிடக் காணும். கட்டணத்துக்கும் வட்டிக்கும் காணாது. அவருடைய ஒரு நாளை எடுத்துப் பார்த்தால் விளங்கும். கணக்குக்காக ஒரு பவுணை 400 ரூபாய் என்று வைக்கிறேன்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை. நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒரு அறை, வாடகை மாதம் 500 பவுண் என்று வையுங்கள். கண் முழிக்கும்போதே அன்றைக்கு 16 பவுண் போய்விட்டது. பாணும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு பஸ் பிடித்தால் பத்து மணி தொடக்கம் ஒரு மணி வரை விரிவுரை. மத்தியானம் கடையில் ஒரு சான்ட்விச்சும் கோப்பியும் வாங்கினால் ஐந்தாறு பவுண், நம் காசில் இரண்டாயிரத்துக்கு மேல். அதனால் பெடியள் கெதியிலேயே சோற்றுப் பெட்டி கட்டப் பழகிவிடுவார்கள். (மிளகாய்த்தூளை இங்கிருந்தே கொடுத்துவிடுங்கள்.) பிறகு நூலகம், ஒப்படைகள். நீங்கள் இரவு ஒன்பதரைக்கு அழைக்கும்போது அங்கே பின்னேரம் நாலு மணி, வெளியே இருட்டிக்கொண்டு வரும். ஐந்து மணிக்கு வேலை என்பதால் "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவார். பத்து மணிக்கு வேலை விட்டு வரும் வழியில், மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டி விலை குறைத்த கோழி இருக்கிறதா என்று சூப்பர்மார்க்கெட்டில் பார்ப்பார்.

அந்த ஐந்து மணித்தியாலத்துக்குச் சம்பளம் 63 பவுண். ஏனென்றால் 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவருக்கு அங்கே குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12.71 பவுண். ஒரு மாலைக்கு 25,000 ரூபாய்! முகவர்கள் நம் சனத்துக்குக் காட்டுவது இந்த ஒரு மாலையைத்தான்.

காட்டாதது இது. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அப்படிப்பட்ட மாலைகள் வாரத்துக்கு நாலு, அவ்வளவுதான். ஒரு கிழமையும் தவறாமல் வேலை கிடைத்தால் மாதம் 1,100 பவுண் வரும். வாடகை, சாப்பாடு, பஸ், போன், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக 800 என்று பிடித்தால் மிஞ்சுவது 300 பவுண். சரி, உங்கள் ஈட்டு வட்டி எவ்வளவு? 40 லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றால் மாதம் 1,20,000 ரூபாய். அதுவும் 300 பவுண்தான். மகன் மிச்சம் பிடிக்கும் காசு அப்படியே வட்டிக்காரர் கைக்குப் போகும். வாங்கிய 40 லட்சத்தில் ஒரு சதமும் குறையாது. ஜனவரித் தவணை 6,000 பவுணை எங்கிருந்து எடுப்பது?

இதுகூட எல்லாம் சரியாக நடந்தால் வரும் கணக்கு. போன உடனே வேலை கிடைப்பதில்லை. இரண்டு மாதம் கையிலிருந்துதான் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு முற்பணமும் கட்ட வேண்டும். கோடை விடுமுறையில் முழுநேரம் உழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இளமாணி மாணவருக்குப் பொருந்தும். ஒரு வருட முதுமாணிக்குக் கோடை என்பது ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம், அப்போதும் 20 மணித்தியாலம்தான். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் கூடாது. அது சுயதொழில், மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு இடமில்லை. அந்த வேலைக்கு வேறொருவர் பெயரில் பதிந்த கணக்கில் ஓடி அகப்பட்டால் படிப்பும் போகும், கட்டிய காசும் போகும்.

இனி அந்த 40 லட்சம் எப்படி வந்தது என்று பார்ப்போம். விசாவுக்குக் கட்ட மிச்சமிருக்கும் கட்டணத்தையும், இலண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண் வீதம் ஒன்பது மாதச் செலவையும் காட்ட வேண்டும். 12,000 உடன் 10,539 சேர்த்தால் 22,539 பவுண். ரூபாயில் 90 லட்சத்துப் பதினையாயிரத்துச் சொச்சம். உங்களிடம் 50, ஆகவே ஈட்டுக்கு 40 என்று முகவர் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கிலேயே பதினையாயிரம் ரூபாய் குறைகிறது. அவ்வளவு குறைந்தாலும் விண்ணப்பம் விழும். காசு ஒரு நாளும் குறையாமல் 28 நாள் மகனின் கணக்கிலோ உங்கள் இருவரில் ஒருவரின் கணக்கிலோ கிடக்க வேண்டும். வெளிநாட்டு மாமாவின் வங்கிப் புத்தகத்தைக் காட்ட முடியாது. அவர் தருவதென்றால் உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். இவற்றுக்கு வெளியே சுகாதாரக் கட்டணம் 1,164 பவுண், ஐந்நூறுக்கு மேல் விசாக் கட்டணம், காச நோய்ப் பரிசோதனை, விமானச் சீட்டு. அவற்றுக்கே எட்டு ஒன்பது லட்சம் போகும். உங்கள் 50 லட்சம் உண்மையில் 41தான்.

28 நாளுக்கு மட்டும் காசு போட்டுத் தருகிறோம் என்று வருபவரிடமும் போகாதீர்கள். அது வாழ்க்கைச் செலவுக்கு உதவாத காசு. பொய்யான பத்திரம் ஏதாவது கலந்தது தெரியவந்தால் பத்து வருடத் தடை வரும்.

ஆகவே என் முடிவு: இந்தச் செப்ரெம்பருக்காகக் காணியை ஈடு வைக்க வேண்டாம். படிப்பை விடச் சொல்லவில்லை. அனுமதியை ஜனவரிக்கோ அடுத்த செப்ரெம்பருக்கோ தள்ளி வைக்க முடியுமா, கட்டிய 4,000 பவுண் அதற்கும் செல்லுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மகன் தன் மின்னஞ்சலிலிருந்தே கேட்கட்டும். மாணவர் சேர்ந்தால்தான் முகவருக்குத் தரகு. தள்ளிப்போடுவதில் அவருக்கு ஆர்வம் இருக்காது. இடைப்பட்ட காலத்தில் மகனின் சம்பளம் சேரும். இரண்டு வருட வேலை அனுபவம் இருப்பதால் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். ஓகஸ்ட் தொடங்கி ஒக்ரோபர் வரை விண்ணப்பம் எடுப்பார்கள். கிடைத்தால் கட்டணம், செலவு இரண்டும் அவர்களுடையது. முடித்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி வந்து இருக்க வேண்டும்.

தள்ளிவைத்தால் அங்கே நின்று வேலை தேடும் காலம் குறையுமே என்று யோசிப்பீர்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டதாரி விசா 18 மாதம்தான். இந்த வருடம் போனாலும் மகன் முடிப்பது 2027 இல். இரண்டு வருடம் கிடைத்தது என்று அயலில் சொல்பவர்கள் முந்திப் போனவர்கள்.

ஜேர்மனியையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. 2024 செப்ரெம்பரிலிருந்து 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும், அது மாதம் 992 ஆக மகனுக்கே திரும்பி வரும். யூரோவை 350 ரூபாய் என்று எடுத்தால் ஏறக்குறைய 42 லட்சம். ஈடு இல்லாமல் உங்களால் எட்டக்கூடிய தொகை. ஆங்கிலத்தில் நடக்கும் பாடநெறியில் இடம் எடுப்பது இலேசில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எப்படியும் இந்த வருடமே போகத்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவானால், நூற்றுக்கு மூன்றுக்காரரை விட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள். அவருடையது வருடத்துக்கு 36 வீதம். வங்கிக் கடன் வட்டி அதில் பாதிக்கும் குறைவு. அங்கேயும் ஒரு கணக்குப் போடுங்கள்: மகன் ஒரு பவுண்கூட அனுப்பாமல் கணவரின் ஓய்வூதியத்தில் தவணை கட்டி, வீட்டுச் செலவும் பார்க்க முடியுமா? அதற்கு மேல் ஒரு லட்சமும் எடுக்க வேண்டாம். கட்டணக் காசை முகவர் கையிலோ, வங்கிக்கு வெளியே காசு அனுப்பும் உண்டியல்காரரிடமோ கொடுக்காமல், கட்டணப் பட்டியலைக் காட்டி வங்கி மூலம் பல்கலைக்கழகக் கணக்குக்கே அனுப்புங்கள். வைப்பில் ஐந்து லட்சத்தை உங்கள் இருவரின் வைத்தியச் செலவுக்கென்று வேறாக்கி, மகனுக்கும் சொல்லாமல் வைத்திருங்கள்.